அத்தியாயம் 7: வாசகரை வெளியே அனுப்பும்போது

கீழடியைப் பற்றிய இணையக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானை ஓட்டின் காலம் கி.மு. 580 என்று ஆய்வில் தெரியவந்துள்ளது. ‘ஆய்வில்’ என்ற சொல் நீல நிறத்தில் இருக்கும். தட்டினால் ஒரு செய்தித் தளம் திறக்கும். அந்தச் செய்தியிலும் ஒரு நீலச் சொல். அதைத் தட்டினால் இன்னொரு செய்தித் தளம். மூன்றாவதில் நீலமே இருக்காது. வாசகர் மூன்று வீடு ஏறி இறங்கியும் தேடி வந்த ஆளைப் பார்க்கவில்லை.

அந்த ஆள் இருக்கும் இடம் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட கீழடி அறிக்கை. நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரிம மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியதாகவும், அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்ததாகவும் அது சொல்கிறது. ஆக, தேதி கரித்துண்டுக்குரியது. தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் 56 கிடைத்தது தனிச் செய்தி. மண் அடுக்கை வைத்து இரண்டையும் சேர்த்துப் பார்த்து வயது சொல்வது ஆய்வாளரின் முடிவு. அந்த முடிவை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் ‘ஓட்டைச் சோதித்தார்கள்’ என்று எழுத முடியாது. எழுதியவர் அறிக்கையைத் திறந்து பார்த்திருந்தால் அவருடைய வாக்கியமே மாறியிருக்கும்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்ததில் பெரும்பகுதி இதுதான். இணைப்பால் வாசகருக்கு நன்மை வருவதற்கு முன்பே எழுதுகிறவருக்கு வந்துவிடுகிறது. அசலைத் தேடிப் போனால்தான் அசலுக்கு இணைப்புத் தர முடியும். தேடிப் போகிறவர் படித்துவிடுகிறார். படித்தவர் தவறாக எழுதுவது குறைகிறது.

ஆதாரத்தைச் சொல்லாமல் விட்டதால் வந்த ஒரு பழைய வேதனை நம் மரபில் உண்டு. உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டும்போது பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்வதில்லை. பிறரும் இப்படிச் சொன்னார் என்றதோடு நகர்ந்துவிடுவார்கள். அவர்கள் காலத்துப் படிப்பாளிக்கு அது போதும், பாடல்கள் மனப்பாடம். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்கு அது போதவில்லை. அதன் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாமல் எடுத்தாண்ட அடிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடினார். நாம் ‘ஆய்வில்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தால் நம் வாசகரையும் அப்படி அலைய விடுகிறோம். அவருக்கு உ.வே.சா.வின் பொறுமை இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

(இணைப்பைச் சிலர் சுட்டி என்பார்கள், விக்கிப்பீடியாக்காரர்கள் தொடுப்பு என்பார்கள், பேச்சில் எல்லாருக்கும் லிங்க்தான். இந்த நூலில் இணைப்பு என்றே எழுதுகிறேன்.)

வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விடுங்கள்

அசல் எது என்று தெரிந்த பிறகும் ஒரு தவறு நடக்கும். அசல் இருக்கும் தளத்தின் முகப்புக்கு இணைப்புக் கொடுத்துவிடுவோம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் முகப்பில் வாசகரை இறக்கிவிட்டு ‘நூல் இங்கே இருக்கிறது’ என்பது, மதுரைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு ‘என் வீடு மதுரையில்தான்’ என்பது போல.

ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் உள்ளே இறங்க ஒரு வழி இருக்கிறது. பிடிஎஃப் கோப்பின் முகவரிக்குப் பின்னால் ஹேஷ் குறி போட்டு, ‘பேஜ்’ என்று சின்ன ஆங்கில எழுத்துகளில் எழுதி, சமக்குறியும் பக்க எண்ணும் சேர்த்தால், பெரும்பாலான கணினி உலாவிகள் அந்தப் பக்கத்திலேயே திறக்கும். 200 பக்க அறிக்கையில் 37ஆம் பக்கத்து அட்டவணையைக் காட்ட இது போதும். கைபேசியில் எப்போதும் இது வேலை செய்யாது. அதனால் பக்க எண்ணைக் கட்டுரையிலும் எழுதிவிடுங்கள். யூடியூப் காணொளியானால் பகிரும் பெட்டியிலேயே தொடங்கும் நேரத்தைக் குறிக்கலாம். ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவில் 52ஆவது நிமிடத்தைத் தேடும் வேலையை வாசகரிடம் விடக் கூடாது.

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் உள்ள பழைய நூல்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத்தைப் புரட்டும்போது முகவரியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தும் பின்னால் ஓர் எண்ணும் மாறிக்கொண்டே வரும். அது வருடிய படங்களின் வரிசை எண். அட்டை, வெற்றுத் தாள், முன்னுரை எல்லாம் அதில் சேரும். அச்சில் 25ஆம் பக்கமாக இருப்பது அங்கே 41 என்று வரலாம். முகவரியில் தெரியும் எண்ணை அப்படியே ‘பக்கம் 41’ என்று அடிக்குறிப்பில் எழுதி மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

சாதாரண வலைப்பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு வரியையே சுட்டவும் முடியும். குரோம் 2020இல் கொண்டுவந்த வசதி இது. வரியைத் தேர்ந்தெடுத்து வலப்பக்கம் சொடுக்கினால், சிறப்பித்த பகுதிக்கான இணைப்பை நகலெடுக்கும் வாய்ப்பு வரும். அந்த இணைப்பில் வருகிறவருக்கு அந்த வரி நிறம் பூசித் தெரியும். பக்கத்தின் சொற்களை யாராவது திருத்திவிட்டால் நிறம் போய்விடும். பக்கம் மட்டும் திறக்கும். பாதகமில்லை.

விக்கிப்பீடியாவைக் காட்டும்போது நேற்று நீங்கள் படித்த வாக்கியம் நாளை இருக்கும் என்று உறுதி இல்லை. பக்க வரலாற்றில் அன்றைய தேதியைத் தட்டினால் அந்த நாளின் வடிவத்துக்குத் தனி முகவரி கிடைக்கும். வாதத்துக்குரிய விஷயமானால் அதைக் கொடுங்கள். பொது அறிமுகத்துக்கு என்றால் சாதாரண முகவரியே மேல். நாளை யாராவது கட்டுரையை வளர்த்திருப்பார்கள்.

எந்தச் சொல்லில் மாட்டுவது

‘மேலும் அறிய இங்கே சொடுக்கவும்.’ இந்த வாக்கியத்தை உங்கள் பதிவுகளிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். பார்வையற்ற வாசகர்கள் பலர் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களில் படிக்கிறார்கள். இன்செர்ட் விசையோடு எஃப்7ஐ அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். அந்தப் பட்டியல் ‘இங்கே, இங்கே, இங்கே, இதில், இங்கே’ என்று ஒலித்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? கண் தெரிந்தவரும் முழுதாகப் படிப்பதில்லை. நீலத்தை மட்டும் மேய்ந்துகொண்டு போகிறார். அவருக்கும் ‘இங்கே’ ஒன்றும் சொல்லவில்லை.

தமிழில் ‘இங்கே’ தேவைப்படவே வேண்டாம். பெயரெச்சத்தை வைத்து எவ்வளவு நீளமான பெயர்த்தொடரையும் கட்டிவிடுகிற மொழி இது. ‘தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத்தைக் கி.மு. 580 என்கிறது’ என்று எழுதி, ‘தொல்லியல்’ முதல் ‘அறிக்கை’ வரை நீலமாக்கினால் போதும். யார், எப்போது, எது என்று மூன்றும் தட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. வினைச்சொல்லில், அதாவது ‘என்கிறது’ என்பதில் மாட்டுவதைத் தவிருங்கள். நம் வினைகள் வாக்கியத்தின் கடைசியில் வருபவை. அதை நீலமாக்கினால் எதைத் தட்டுகிறோம் என்பதை வாசகர் பின்னோக்கித் தேட வேண்டியிருக்கும்.

வேற்றுமை உருபை வெளியே விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் நீலமாக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. ‘மதுரையில்’ என்பதில் ‘மதுரை’ நீலம், ‘யில்’ கறுப்பு. அசிங்கமாக இருந்தாலும் படிக்க முடியும். ‘தமிழில்’ என்பதில் இதைச் செய்து பாருங்கள்: ‘தமிழ்’ என்று வெட்ட வழியே கிடையாது. ‘ழி’ ஒரே எழுத்து; கணினிக்குள் அது ழகரமும் இகரக் குறியுமாக இரண்டு. நடுவில் வெட்டினால் சில திரைகளில் புள்ளி வட்டத்தின் மேல் தனியாகத் தொங்கும் ஒரு கொக்கி தெரியும். முழுச் சொல்லையும், உருபோடு, நீலமாக்குவதுதான் ஒரே வழி.

இணைப்பின் மறுமுனையில் என்ன காத்திருக்கிறது என்பதையும் ஒரு சொல்லில் சொல்லிவிடுவது மரியாதை. ஆங்கில அறிக்கையா, சந்தா கேட்கும் நாளிதழா, 80 எம்பி பிடிஎஃப்பா? பேருந்தில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் படிக்கிறவர் 80 எம்பியைத் தெரியாமல் தட்டினால் அடுத்த முறை உங்கள் நீலத்தையே நம்ப மாட்டார்.

ஓடிப்போய்விடுவார்களோ?

புதிதாக எழுதுகிறவர்களின் பெரிய பயம் இது. வெளியே அனுப்பினால் வாசகர் திரும்ப மாட்டார். கூகுளும் நம்மைக் கீழே தள்ளிவிடும். முதல் பயத்துக்கு என் பதில்: வேறு இடத்துக்கே போகாமல் இருக்க உங்கள் பதிவு ஒன்றும் பூட்டிய அறை இல்லை. எப்போது போனாலும் உருப்படியான இடத்தைக் காட்டுகிறார் என்ற பெயர் கிடைத்தவரிடம் ஆட்கள் திரும்பத்தான் செய்கிறார்கள். அவ்வளவு பயம் என்றால், இணைப்பு வாதத்தின் நடுவே வேண்டாம், பத்தியின் முடிவில் வையுங்கள். கட்டாயமாகப் புதிய டேபில் திறக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. வேண்டுமென்றால் வாசகரே நீலச் சொல்லை அழுத்திப் பிடித்துத் திறந்துகொள்வார்.

இரண்டாவது பயத்துக்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும். லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்பதை வைத்தே அதன் மதிப்பைக் கணக்கிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுகிற அதே வழி. சுட்டுவதற்கு விலை வந்ததும் விற்பனையும் வந்தது. கண்ட இடத்திலும் இணைப்பைத் திணிக்கும் குப்பையைத் தடுக்க 2005 ஜனவரியில் ‘நோஃபாலோ’ என்ற குறி வந்தது: நான் சுட்டுகிறேன், ஆனால் பரிந்துரைக்கவில்லை என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2019இல் காசு வாங்கி வைத்த இணைப்புக்கு ‘ஸ்பான்சர்ட்’ என்றும், வாசகர்கள் எழுதியவற்றில் வரும் இணைப்புக்கு ‘யூஜிசி’ என்றும் இரண்டு குறிகள் சேர்ந்தன.

கூகுளின் விதி தண்டிப்பது விற்ற இணைப்பையும் வாங்கிய இணைப்பையும். ஆதாரம் காட்டியதற்காக யாரையும் அது தள்ளிவைப்பதில்லை. எனவே புராஜெக்ட் மதுரைக்கும் நூலகம் தளத்துக்கும் நோஃபாலோ போட்டு வைப்பது அர்த்தமற்றது. அவை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தும் வருடியும் உருவாக்கிய களஞ்சியங்கள். ஒன்று 1998 பொங்கலன்று தொடங்கியது, மற்றது 2005இல் ஈழத்து நூல்களுக்காகத் தொடங்கியது. அவர்களுக்கு நாம் தரக்கூடிய கூலி அந்த ஒரு சுட்டல்தான். அதையும் பிடித்து வைத்துக்கொள்ளலாமா?

காசு வரும் இணைப்பு வேறு கதை. கடைத் தளத்தின் கமிஷன் இணைப்பில் மிக்ஸியைப் பரிந்துரைத்தால் ஸ்பான்சர்ட் குறியைப் போடுங்கள். அதோடு விட்டுவிடாமல் கட்டுரையின் தலைப்பகுதியிலேயே, இந்த இணைப்பில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும் என்று தமிழில் எழுதுங்கள். குறி இயந்திரத்துக்கு, வரி மனிதருக்கு. விளம்பரத் தரக் கழகமான ஆஸ்கி 2021இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் கேட்கின்றன. கடைசியில் சின்ன எழுத்தில் போடுவது ஒளித்து வைப்பதற்குச் சமம்.

சுருக்கிய முகவரிகளைப் பதிவுக்குள் பயன்படுத்தாதீர்கள். எங்கே போகிறோம் என்று தெரியாது, சுருக்கித் தந்த நிறுவனம் கடையை மூடினால் எல்லாம் போச்சு. கூகுளே தன் சுருக்கச் சேவையில் 2019க்குப் பிறகு புது முகவரிகள் உருவாக்க விடவில்லை. நீளம் பார்த்துப் பயந்து சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் தமிழில் அமைந்த முகவரிகளைக் கண்டு பயந்தவர்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் கணினிக்கு ஐந்து குறிகள். நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்துகளாக விரிந்து, மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்து வால் ஆகிறது. பதிவுக்குள் அது நீலச் சொல்லுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், கவலை வேண்டாம். வாட்ஸாப்பில் அனுப்பும்போதுதான் தொல்லை, அதிலும் அடைப்புக்குறியில் முடியும் முகவரிகள் கடைசிக் குறியை விட்டுவிட்டு உடைந்துபோகும். அனுப்பிய பிறகு நீங்களே ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

இணைப்புகள் சாகும்

மதுரைச் சுங்குடிச் சேலையைப் பற்றி முன்பு ஒரு கட்டுரை எழுதினேன். சாயம் தோய்க்கும் முறையைப் படங்களோடு விளக்கிய ஒரு சிறு தளத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தேன். நான்கைந்து வருடம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். “என்ன தம்பி, சுங்குடிச் சேலைன்னு தட்டினா சீட்டாட்டம் வருது? பேத்தி பக்கத்துல உட்கார்ந்திருக்கா.” தளத்தை நடத்தியவர்கள் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், காலாவதியான பெயரை யாரோ வாங்கி ஆன்லைன் ரம்மிக்கு வாசல் ஆக்கிவிட்டார்கள். இணைப்பு செத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேய் பிடித்து எழுந்துவிட்டது.

இது என் ஒருவன் கதை இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் கிடைக்காமல் போயின. ஹார்வர்டு சட்டப் பள்ளியினர் நியூயார்க் டைம்ஸ் கட்டுரைகளை ஆராய்ந்து 2021இல் சொன்னது இன்னும் கூர்மையானது: தளங்களின் உள்பக்கங்களுக்கு 2018இல் வைத்த இணைப்புகளில் 6 விழுக்காடு செத்திருந்தன, 1998இல் வைத்தவற்றில் 72 விழுக்காடு. அவ்வளவு பெரிய பத்திரிகைக்கே இந்தக் கதி.

மருந்து ஒன்று இருக்கிறது. இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில், பக்கத்தைச் சேமிக்கும் பெட்டி இருக்கும். நீங்கள் சுட்டப்போகும் முகவரியை அதில் ஒட்டினால் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொண்டு தனி முகவரி தரும். அந்த முகவரியின் நடுவே 14 இலக்க எண் ஒன்று நிற்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. உங்கள் ஆதாரம் அந்த நொடியில் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அரசு அறிவிப்பு, செய்தி, சிறு அமைப்புகளின் தளம் என்றால் நான் இதைச் செய்யாமல் வெளியிடுவதில்லை. அசல் முகவரியை முதலிலும் நகலை அதன் பக்கத்திலும் வையுங்கள்.

அதைவிட மலிவான மருந்து, வாக்கியத்தையே இணைப்பு இல்லாமலும் நிற்கும்படி எழுதுவது. நூலின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றும் எழுத்தில் இருந்தால், நீலம் செத்த பிறகும் வாசகர் நூலகத்தில் போய்த் தேடலாம். ‘இந்த அறிக்கையில்’ என்று மட்டும் எழுதி நீலத்தை நம்பியிருந்தால், நீலத்தோடு ஆதாரமும் போகும்.

சுட்டக் கூடாதவை

டெலிகிராமில் சுற்றும் நாவல் பிடிஎஃப்களுக்கு இணைப்புத் தராதீர்கள். இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை இருக்கிறது. கல்கியைப் போல நாட்டுடைமையாக்கப்பட்டவர்களின் நூல்கள் புராஜெக்ட் மதுரையிலேயே முறையாகக் கிடைக்கின்றன. மற்றவர்களுக்குப் பதிப்பகத்தின் பக்கம் இருக்கிறது. வதந்தியை மறுத்து எழுதும்போது வதந்திப் பக்கத்துக்கே இணைப்புக் கொடுத்து அங்கே கூட்டம் சேர்ப்பதும் வேண்டாம். அது சொன்னதை உங்கள் சொற்களில் சுருக்கி எழுதி, மறுப்புக்கு மட்டும் இணைப்புத் தாருங்கள். காட்டியே ஆக வேண்டுமென்றால் நோஃபாலோ இதற்காகத்தான் இருக்கிறது.

வெளியிடும் முன் ஒரு வேலை. கட்டுரையைக் கைபேசியில், இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து, நீலச் சொல் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் எல்லாம் திறக்கும். அங்கே நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கிறீர்கள். பழைய நிலவரைபடம் ஒன்றை வருடி கூகுள் டிரைவில் போட்டு ஒருமுறை இணைப்புக் கொடுத்தேன். அன்று இரவு சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நாற்பது மின்னஞ்சல்கள். கட்டுரை பிடித்துப்போய் எழுதியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகத் திறந்தேன். நாற்பதும், கோப்பைப் பார்க்க அனுமதி கேட்டு வந்தவை.